மருந்தடித்த காட்டுக் கீரை

சின்னக்கானல் ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து வாடை இன்னும் அடங்கவில்லை. செடிகளுக்கிடையே ஒருத்தி மணத்தக்காளிக் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்த வாடை எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையின் வாடை. நான் சிறுவனாயிருந்தபோது மழை பொய்த்த ஒரு வருஷம், போர்வெல் தண்ணீர் பாய்ந்த முதலாளியின் தக்காளிக் காட்டில் மட்டும்தான் கீரை முளைத்தது. அங்கே களையெடுத்த அம்மா அதை மடியில் கட்டி வந்தாள்.

"மருந்து நாறுதே, புள்ளே," என்றார் அப்பா.

"நல்லாக் கழுவீட்டனுங்க. வெறுஞ்சோத்தப் பாப்பா துப்பறாளே, என்ன பண்ணட்டும்?"

தங்கச்சி இன்னும் கேட்டு வாங்கித் தின்றாள். எங்களுக்கு வாந்தியோடு போயிற்று. அவள் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸிலேயே செத்துப்போனாள்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கையிலிருந்த கீரையை மோந்து பார்த்தாள்.

"அப்ப புள்ளைகளுக்கு வேற என்னத்த அண்ணே ஆக்கிப்போட?" என்றாள். கீரையைக் கீழே போடவில்லை.