அப்பா உடைத்த குடம்

அப்பா சோலையப்பன். முதுகுளத்தூர்ப் பக்கம். எழுபதுகளில் அல் அய்னுக்கு மண்வெட்டும் வேலைக்கு வந்தார். ஆண்பிள்ளை இல்லை, நான் ஒருத்திதான். ஷார்ஜாவில் மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியன்.

"எனக்கு யாரு தாயி குடம் உடைப்பா?" என்பார், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுகூட. அவருக்கு இருந்த ஒரே பயம் அது.

வெளிநாட்டு அகழ்வாய்வுக் குழு ஒன்று அவரைத் தூரிகையோடு ஒரு பழங்காலக் கல்லறைக்குள் இறக்கியது. வட்டச் சுவர், எலும்புகள், நடுவில் அரசிலை வரைந்த முழுப் பானை. சிந்து நதிக்கரையில் சுட்டது. அங்கே வண்டலில் ஊர்கள் பெருகி, செங்கல் வீதிகளோடு நகரங்கள் எழுந்த காலம். இங்கிருந்து செம்பு போயிற்று. அங்கிருந்து பானைகள் கப்பலேறி வந்தன. இது மேஸ்திரி ஹபீப் முகம்மது பிறகு எனக்குச் சொன்னது.

அப்பா கண்டது வேறு. இறந்தவர்கள் பக்கத்தில் உடைக்காமல் விட்ட குடம்.

இடது தோளில் தூக்கினார். எலும்புகளை மூன்று முறை சுற்றினார். திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டு உடைத்தார்.

செய்தி கேட்டு மறுநாள் உச்சிவெயிலில் நான் போய்ச் சேர்ந்தபோதும் ஹபீப் கத்திக்கொண்டிருந்தார்.

"கூறுகெட்ட மனுசா! நாலாயிரம் வருசத்துச் சாமான்! வெள்ளைக்காரன் அழுவுறான்யா. விசா குடுத்த கபீல் உன்னைய ஊருக்கு ஏத்தப்போறான்."

"ஏத்தட்டும் பாய். அம்புட்டு வருசமாப் போக வழியில்லாம நிக்கிறாக. பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீகளா?"

"நான் பாத்தது சட்டி. நீதான் ஆளைப் பாத்திருக்க."

பிறகு என்னிடம் குரலைத் தணித்தார். "அந்த ஈரத்தைப் பாரும்மா. நேத்து உடைச்சது, இன்னும் காயல. அது வெறும் பானை. அவரு உடைக்கிறதுக்கு முன்ன நானே கவுத்துப் பாத்தேன், உள்ள ஒரு சொட்டு இல்ல."

தொட்டேன். ஈரம். ஒரு சிட்டிகை மண்ணைக் குப்பியில் எடுத்துவந்து நுண்ணோக்கியில் வைத்தேன். பாலைமணல் இல்லை, ஆற்று வண்டல். அதனிடையே பச்சைப் பாசி. உயிரோடு அசைந்தது. ஒப்பிட முகாம் தண்ணீரையும் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை.

கபீல் அப்பாவை ஊருக்கு அனுப்பவில்லை. கிடங்கு வேலைக்கு மாற்றினார். அந்தக் குளிர்காலத்தில் அப்பா அங்கேயே மாரடைப்பில் இறந்தார்.

துபாய்ச் சுடுகாடு. அவரோடு ரூமில் இருந்த முனியசாமி என்னைத் தடுத்தார்.

"பொம்பளப் பிள்ள வரக்கூடாது தாயி. நான் உடைக்கிறேன்."

"என்கிட்டத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு, சித்தப்பா."

அவர் குடத்தில் தண்ணீர் நிறைத்தார். குடத்தை என் தோளில் ஏற்றிவிட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் ஒரு துளை போட்டார். மூன்றாவது முடிந்ததும் பின்னால் விட்டேன். உடைந்தது.

ஒரு குடத்துத் தண்ணீரை மணல் உடனே குடித்துவிடும். இது ஓடியது. ஆறு ஒன்று கரையில் மோதி ஓடுகிற சத்தம் நிற்கவில்லை. என் குதிகால்கள் நனைந்தன.

எதிரே நின்ற முனியசாமி என் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பிராத தாயி."

திரும்பவில்லை.