வேலிமேல் ஏறிய பனி

ஸ்டெய்ன்வோர் முப்பது வருஷம் மீன் ஆலையில் மீன் வெட்டியவள். எங்கள் ஊரில் இப்போதெல்லாம் பனி விழ வேண்டிய மாதத்திலும் நடுநடுவே மழை கொட்டுகிறது. அப்படி ஒரு மழையில் வீட்டுக்குப் பின்னாலிருந்த மொட்டை மலைச்சரிவு கரைந்து, சேறாக அவள் சமையலறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து மண்ணைப் பிடித்துவைக்க அங்கே பிர்ச் மரக்கன்றுகளாக நட்டுத் தள்ளுகிறாள். பதினோரு வருஷத்தில் வளர்ந்ததிலேயே பெரிய மரத்தின் நிழலில் ஒரு வாத்து உட்காரலாம். தலை மட்டும் வெயிலில் இருக்கும்.

காரணம், பக்கத்துப் பண்ணைக்காரன் குட்டோர்மரின் ஆடுகள். ஐஸ்லாந்தில் கோடையில் ஆடுகள் இஷ்டப்படி மேயும். வேலி போடுவது மரம் நட்டவர் பாடு. அவளும் போட்டாள். காற்று அடித்துவந்த பனியெல்லாம் வேலியில் மோதிக் குவிந்தது. ஜூன் வரை கரையாத குவியலில் ஏறி, ஆடுகள் விருந்துக்குப் போவதுபோல உள்ளே இறங்கின. வேலியை உயர்த்தினாள், பனியும் உயர்ந்தது.

இந்த ஜூனில் அத்தனை கன்றும் வெறும் குச்சி. குட்டோர்மரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"யோவ், நீ வளக்கறது ஆடா, ரம்பமா?"

"நீதான படிக்கட்டு கட்டி வச்சிருக்க. ஆடு ஏறாம என்ன பண்ணும்?"

"மழை வந்தா சேறு என் வீட்டுக்குள்ளதான்யா வரும். உன் ஆடு வந்து அள்ளுமா?"

"கோச்சுக்காத. செப்டம்பர்ல ஆடு அறுக்கறப்ப ஒரு தொடைக்கறி தரேன்."

"என் மரத்தையே எனக்கு அவிச்சுப் போடுறியா? போய் மண்வெட்டி எடுத்துட்டு வா!"

இருவரும் நாள் முழுக்கப் பனியை வாரிக் கொட்டினார்கள். அடுத்த வருஷமும் இதே கூத்துதான் என்று திட்டிக்கொண்டே, அவள் குச்சிகளுக்கு நடுவில் மறுபடி கன்று நட்டாள்.