விடுதியில் பதினைந்து நாள்

எட்டு வயதில் நான் பதினைந்து நாள் கல்லூரி விடுதியில் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அத்தைக்கு அடுத்தபடியாகக் கல்லூரிக்குப் போனவள் நான்தான் என்று இதை வைத்து ரொம்ப காலம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அது குறுவை அறுவடைச் சமயம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருக்காரர்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. பண்ணையார் வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் போய் நின்ற எங்கள் ஆட்களைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. அப்பா முதல் லாரியில், அம்மா இரண்டாவது லாரியில். ஆட்சி மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நம்முடைய அரசாங்கம்தானே, சாயங்காலத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். விடவில்லை. மூன்றாம் நாள் மாமா என்னைத் தஞ்சாவூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். போலீஸ் அவரையும் தேடிக்கொண்டிருந்தது. விடுதியின் பின்பக்கத்துக் கொல்லைக் கதவருகில் அத்தையை வரவழைத்து, "பத்து பதினஞ்சு நாள் வச்சுக்கம்மா, வேற எங்க விடறது?" என்று சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

அத்தை அப்பாவின் தங்கை. பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டிய முதல் ஆள். அரசாங்க உதவித்தொகையும் விடுதியில் ஒரு கட்டிலும் இருந்ததால்தான் படிப்பு நடந்தது. விடுதிக்கு வெளியாள் வந்தால் பார்வையாளர் அறையோடு சரி. அறைக்குள் யாரையாவது தங்கவைத்தால் கட்டில் போய்விடும். கட்டில் போனால் படிப்பும் போய்விடும். இதையெல்லாம் அத்தை மாடிப்படி ஏறும்போதே என் காதில் சொன்னாள். எனக்கு அதில் கட்டில் மட்டும்தான் மனதில் பதிந்தது. எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது.

அந்த அறையில் மூன்று கட்டில்கள். ஜன்னலோரம் அத்தை. நடுவில் கூத்தாநல்லூர் அக்கா. அவருடைய வாப்பா சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். கதவோரக் கட்டிலில் இருந்தவரைப் பார்த்ததும் நான் அத்தையின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் எங்கள் ஊர்ப் பண்ணையாரின் மகள். ஊரில் அவரைக் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவர் வார்டன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விண்ணப்பங்களைப் பார்த்தபோது இரண்டு பெண்களுக்கும் ஒரே ஊர் என்று இருந்ததாம். ஒருவருக்கொருவர் துணையாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு ஒரே அறையில் போட்டுவிட்டார். அந்த ஊரில் ஒரு வாய்க்கால் இருப்பதும், ஒருத்தி வாய்க்காலுக்கு இந்தண்டை, மற்றவள் அந்தண்டை என்பதும் விண்ணப்பத்தில் எழுதுகிற விஷயமா?

ஊர் வழக்கப்படி அத்தை அவரை "நீங்க" என்றுதான் சொல்ல வேண்டும், அத்தையைவிட ஒரு வயது குறைந்தவர் என்றாலும். கல்லூரி வழக்கப்படி "நீ" என்று சொல்லலாம். அத்தைக்கு முன்னது பிடிக்கவில்லை, பின்னது வாயில் வரவில்லை. அதனால் ஒன்றேகால் வருஷமாக "நீ"யும் இல்லாமல் "நீங்க"வும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். "விளக்க அணைக்கலாமா?" "பக்கெட்டு காலியா?" "மணி அடிச்சாச்சு." இவ்வளவுதான். நீளமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கூத்தாநல்லூர் அக்காவிடம் சொல்வாள். நடுக்கட்டிலுக்குச் சொன்னது கதவோரத்துக்கும் கேட்கும்.

பண்ணைவீட்டு அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். ஏன் வந்திருக்கிறேன் என்பதும் வீட்டிலிருந்து வந்த கடிதத்தில் தெரிந்திருக்கும். எழுந்து, கட்டிலுக்கடியில் சுவரோடு ஒட்டியிருந்த தன் பெரிய டிரங்குப் பெட்டியை முன்னால் இழுத்துப் போட்டார். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குழந்தை படுக்கிற அளவுக்கு இடம் உண்டானது.

"யாராச்சும் கதவைத் தட்டினா இங்க பூந்துக்கணும், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். ஊர் ஞாபகத்தில் "சரிங்க சின்னம்மா" என்றேன்.

"அக்கான்னு கூப்பிடு."

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ராஜபோகம்தான். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும். வராந்தா முழுக்கப் பெயர் எழுதிய வாளிகள் வரிசை கட்டி நிற்கும். அத்தை என்னைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய் நான்கே சொம்பில் குளிப்பாட்டிவிடுவாள். எட்டு மணிக்குச் சாப்பாட்டு மணி. மூவரும் போய், ஆளுக்கு ஒரு இட்லியைத் தாவணிக்குள் மறைத்துக் கொண்டுவருவார்கள். அவர்களுக்கு மூன்று மூன்று இட்லிதான் உண்டு. அதில் ஒன்று போய்விட்டால் அவர்கள் பகல்வரை என்ன செய்தார்கள் என்று நான் யோசித்ததில்லை. எனக்கு மூன்று கிடைத்தது. புதன்கிழமை பூரி. ஊரில் பூரியைப் பார்த்ததே இல்லை. உப்பியிருந்ததை உடைக்க மனசு வரவில்லை.

பத்து மணிக்கு அவர்கள் வகுப்புக்குப் போகும்போது அறையை வெளியே பூட்டிவிடுவார்கள். கூட்டிப் பெருக்குகிற ஆயாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். நடுவில் ஒருமுறை வந்து திறந்து, கக்கூசுக்கு அழைத்துப் போவார். மற்ற நேரமெல்லாம் மூன்று கட்டிலிலும் மாறி மாறிப் படுத்துப் பார்ப்பேன். கூத்தாநல்லூர் அக்காவின் சிங்கப்பூர் பிஸ்கட் டப்பாவில் இருந்த வெள்ளைக்காரிப் படத்தோடு பேசுவேன். அம்மா நினைப்பு சாயங்காலம்தான் வரும். அந்த நேரத்துக்குப் பண்ணைவீட்டு அக்கா வந்துவிடுவார். மதியச் சாப்பாட்டைச் சமையல்கார அம்மாவிடம் கேட்டு மாலைக்கு எடுத்து வைத்திருப்பார். தட்டில் பிசைந்து, ஊரிலிருந்து வந்த நெய்யை மேலே ஊற்றி, அவர் ஒரு வாய், எனக்கு ஒரு வாய். "மெல்லத் தின்னுடி, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க" என்பார். அத்தை அதைப் பார்த்தும் பாராதவள்போலப் புத்தகத்தைப் புரட்டுவாள். நெய்யின் வாசனையில் அவள் பக்கங்கள் வேகமாகப் புரளும்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. முன்னறிவிப்பில்லாமல் வார்டன் அறைச் சோதனைக்கு வந்துவிட்டார். நான் பெட்டிக்குப் பின்னால் பாய்ந்துவிட்டேன். வார்டன் அலமாரியைப் பார்த்தார், மெத்தையைத் தூக்கிப் பார்த்தார், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கிளம்பப் போனவர் கொடியில் கிடந்த என் பாவாடையைப் பார்த்துவிட்டார். அதை இரண்டு விரலால் எடுத்து விரித்துப் பிடித்தார்.

"இது யாருது?"

"என்னுதுதான் மேடம்," என்றார் கூத்தாநல்லூர் அக்கா. "துவைச்சதுல சுருங்கிப்போச்சு."

கூத்தாநல்லூர் அக்கா நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் இடுப்பில் அந்தப் பாவாடை நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

என்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தது வார்டனேதான். "யார் இது?" என்று கத்தினார். அத்தை என் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். அப்போது பண்ணைவீட்டு அக்கா முன்னால் வந்தார்.

"எங்க வீட்டு வேலைக்காரப் பொண்ணு மேடம். எங்க வண்டிக்காரரோட மக. துணி துவைக்க, தலைவார ஒத்தாசையா இருக்கும்னு நான்தான் வரவழைச்சேன். இவங்க ரெண்டு பேருக்கும் சம்பந்தமில்ல."

வார்டனின் குரல் பாதியாக இறங்கியது. பெரிய இடத்துப் பெண்கள் முன்பெல்லாம் வேலைக்காரியோடுதான் வருவார்களாம்; இப்போது அதற்கு இடமில்லையாம். "உங்கப்பாவுக்கு லெட்டர் போடறேன். வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தப்பித்தோம் என்று கூத்தாநல்லூர் அக்கா கட்டிலில் விழுந்தார். அத்தை நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எங்க அண்ணன் பொண்ணு உனக்கு வேலைக்காரியா?" என்றாள். ஒன்றேகால் வருஷத்தில் அவள் அவரை "நீ" என்றது அதுதான் முதல்முறை.

"வேற என்ன சொல்றது? உன் சீட்டு போயிருக்கும்."

"போனா போவட்டும். தலைமுறை தலைமுறையா உங்க வாயில வந்தது அதுதானே? அவசரத்துக்கும் அதுதான் வருது."

பண்ணைவீட்டு அக்காவின் முகம் சிவந்தது. டிரங்குப் பெட்டியை மறுபடி சுவரோரம் தள்ளினார். இனி ஒளிய வேண்டியதில்லை அல்லவா? பிறகு என்னிடம் மட்டும், "அப்பா வந்து கேட்டா வண்டிக்காரர் பொண்ணுன்னே சொல்லிடு. நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் வெளியே போனதும் அத்தை என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "அவ சொன்னதை மறந்துரு. நீ யாருக்கும் வேலைக்காரி இல்ல. யாரு கேட்டாலும் உங்கப்பா பேரை இனிஷியலோட சொல்லு, தெரியுதா?" புதன்கிழமை என்னைத் திருவையாற்றில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிடுவதாகவும் சொன்னாள். கடிதம் போய் ஆள் வர அதற்குமேல் ஆகும் என்பது அவள் கணக்கு.

பண்ணையார் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். அக்காக்கள் வகுப்பிலிருந்து திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆயா வந்து கதவைத் திறந்து என்னைக் கீழே கூட்டிப்போனார்.

பார்வையாளர் அறையில் பண்ணையார் நாற்காலியில் உட்கார்ந்து, மேல்துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் மகளுக்குக் கொண்டுவந்த பலகாரத் தூக்கு. அவரை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. பயமாக இல்லை. குரல்கூட இதமாகத்தான் இருந்தது.

"வண்டிக்காரனுக்குப் பொண்ணே கிடையாதே. நீ யாரு வூட்டுப் புள்ள?"

நான் நிமிர்ந்து நின்று அப்பா பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு.

துண்டு நின்றது. "அவன் எங்க இருக்கான் இப்ப?"

"ஜெயில்ல இருக்காரு."

"இங்க உன்னை யாரு வச்சிருக்கா?"

"எங்க அத்தை." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருடைய மகள் எனக்குச் செய்த நல்லதையெல்லாம் அவரிடம் சொல்லாமல் விடுவது நன்றியில்லாத காரியமாகத் தோன்றியது. "உங்க வூட்டு அக்காவும்தான் பாத்துக்கிறாங்க. ரொம்ப நல்லவங்க. தெனம் நெய் ஊத்திப் பெசஞ்சு குடுப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே தட்டுலதான் சாப்பிடுவோம்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தூக்கைத் திறந்து ஒரு அதிரசத்தை எடுத்து, என் கையைத் தொடாமல், உள்ளங்கையில் போட்டார். "மேல போ" என்றார். நான் அதிரசத்தைத் தின்றுகொண்டே படியேறினேன்.

வார்டனிடம் அவர் உண்மையைச் சொல்லவில்லை. தன் மகள் யாருக்காகப் பொய் சொன்னாள் என்பது வெளியே தெரிவதை அவர் விரும்பியிருக்க மாட்டார். வண்டிக்காரர் மகள்தான், இரண்டு நாளில் ஆள் அனுப்பிக் கூட்டிக்கொள்கிறேன் என்றாராம். மகளுக்கு வரன் கூடியிருக்கிறது, படிப்பை நிறுத்திக்கொள்கிறோம் என்றும் சொன்னாராம். அத்தையின் கட்டில் அப்படித்தான் பிழைத்தது.

நாலரை மணிக்குப் பண்ணைவீட்டு அக்கா பெட்டி கட்டினார். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே வைக்காமல், கட்டிலின் மேலேயே அடுக்கினார். பெட்டி மூடவில்லை. "மேல ஏறி உக்காருடி" என்றார். நான் ஏறிக் குதித்து உட்கார்ந்தேன், அவர் கொக்கியை மாட்டினார். கூத்தாநல்லூர் அக்கா அழுதுகொண்டே இருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவரை வைத்துக்கொண்டு இவர் ஏன் அழுகிறார் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

"கேட்டதுக்கு உண்மையச் சொல்லிட்டியாமே?" என்று என்னைக் கேட்டார் பண்ணைவீட்டு அக்கா. கோபமில்லை.

"ஆமாக்கா. உங்களைப் பத்தியும் நல்லா சொன்னேன்."

"சொன்னாரு" என்று என் கன்னத்தைத் தட்டினார். பிறகு அத்தையிடம் திரும்பி, "இந்தப் புக்கெல்லாம் நீ வச்சுக்க" என்றார். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கீழே கார் ஹார்ன் அடித்தது. அவர் போய்விட்டார். அத்தை வழியனுப்ப இறங்கவில்லை. கார் தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று நான் கதவோரக் கட்டிலில் கைகாலை நீட்டித் தனியாகப் படுத்தேன்.

வியாழக்கிழமை மாமா வந்து என்னை அழைத்துக்கொண்டார். அப்பாவும் அம்மாவும் ஜாமீனில் வந்திருந்தார்கள். கூலி கொஞ்சம் ஏறியிருந்தது. தை மாதத்தில் பண்ணைவீட்டுக் கல்யாணம் நடந்தது. எங்கள் தெருவில் யாரும் போகவில்லை, யாரையும் அழைக்கவும் இல்லை. மாப்பிள்ளை கும்பகோணத்துப் பக்கம். அதற்குமேல் பண்ணைவீட்டு அக்கா படிக்கவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு அத்தை வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள் வாசலில் தெருவே கூடியிருந்தது. நான் பண்ணையார் முன்னால் நிமிர்ந்து நின்று அப்பா பெயரைச் சொன்ன கதையை அப்பா எல்லோருக்கும் நடித்துக் காட்டச் சொன்னார். நான் பண்ணையாராகவும் நானாகவும் மாறி மாறி நடித்தேன். "ஜெயில்ல இருக்காரு" என்று நான் சொன்ன இடத்தில் கைதட்டினார்கள். அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மேலிருந்து பார்த்தேன், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் எழுந்து உள்ளே போனாள். இடுப்பில் குடத்தோடு வெளியே வந்தாள். அதிலிருந்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, "தண்ணிக்குப் போய்ட்டு வரேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள்.

குடம் நிறையத்தானே இருந்தது, இந்த அத்தைக்கு என்ன ஆயிற்று என்று அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டேன்.