ராஜா நின்றுகொண்டே இருக்கிறார்

துவைத்த போர்வையின் ஒரு முனையைக் கணவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை முறுக்கிப் பிழிகிறார் அகராதியம்மா. தண்ணீர் சொட்டச் சொட்டவே கேள்வி வருகிறது.

“ஏங்க, அரியணைன்னு ஒரு வார்த்தை. யோசிக்காம ஒரு வாக்கியம் சொல்லுங்க.”

“இப்பவா? கை வலிக்குதும்மா.”

“வாக்கியம் நல்லாத்தான் இருக்கு. அரியணையைக் காணோமே.”

கணவர் போர்வையை உதறிக் கொடியில் போடுகிறார். “இந்த வீட்ல இருக்கிறது ஒரே அரியணை. அதுல யாரு இருக்கான்னு எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.”

அகராதியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு சீட்டை உருவி, அதை அப்படியே எழுதிக்கொள்கிறார். மூலையில் சின்ன எழுத்தில் ‘வீட்டுப் பேச்சு, கேலி’ என்று ஒரு குறிப்பு. கேலி தன்மேல்தான் என்பதில் அவருக்கு மனத்தாங்கல் எதுவுமில்லை. வாக்கியம் கிடைத்ததே, அது போதும்.

ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பதிப்பகத்தின் அகராதிப் பிரிவில் துணையாசிரியர். பொருள் எழுத எல்லாராலும் முடியும், அந்தச் சொல் ஒரு வாயிலிருந்து வந்ததற்குச் சாட்சி வேண்டும் என்பது அவர் கட்சி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், காய்கறிக்காரர், பல் பிடுங்கும் டாக்டர் என்று யாரையும் விடுவதில்லை. வாயைத் திறந்து வைத்திருக்கும்போதுகூட டாக்டரிடம் சைகையில் கேட்டிருக்கிறார். “இவ அகராதி எழுதப் போறதுக்கு முன்னாடியே அகராதி புடிச்சவதான்” என்று மாமியார் ஒரு கோபத்தில் சொன்னதைச் சீட்டில் எழுதி, ‘சரியா இருக்கா அத்தை?’ என்று அவரிடமே காட்டிச் சிரிக்க வைத்தவர்.

புதிய பதிப்பு அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் அந்தப் பழைய கூத்து வெளியே வந்தது. முந்தைய பதிப்பில் ‘அ’ வரிசை தலைமை ஆசிரியருடையது, ‘ச’ வரிசை இவருடையது. அரியணைக்கு நேரே அவர் ‘சிம்மாசனம் காண்க’ என்று போட்டுவிட்டார். சிம்மாசனத்துக்கு நேரே இவர் ‘அரியணை காண்க’ என்று போட்டுவிட்டார். ஒருவர் எழுதியிருப்பார் என்று இன்னொருவர் நம்பியதில் பொருளை இருவருமே எழுதவில்லை. கண்டுபிடித்த அன்று மேஜையில் தலை கவிழ்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார் அகராதியம்மா. “இத்தனை வருஷமா ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ராஜா நின்னுக்கிட்டே இருக்காரு, பாவம். கால் என்னத்துக்கு ஆகும்!”

ராஜாவை உட்கார வைக்கும் பொறுப்பு இப்போது அவருடையது. அரி என்றால் சிங்கம், அணை என்றால் மெத்தை என்று தொடங்கிப் பழம்பாடல்களைப் புரட்டியதில் இருக்கை என்ற பொருளில் தவிசு வந்தது, கட்டில் வந்தது. அரசன் கொலுவிருந்த இருக்கைக்கும் கட்டில் என்றுதான் பெயர் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. “ஆட்சி பண்ணினதும் கட்டில், தூங்கினதும் கட்டில். ராஜாக்கு வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே சாமான் பாருங்க.” ஆனால் ‘வீற்றிருத்தல்’ என்ற சொல்லிடம் வந்ததும் முகம் சுருங்கியது. நாற்காலியில் ஆள் உட்காருவான், அரியணையில் வீற்றிருப்பான். “அப்படின்னா என்ன? உட்கார்ந்த பிறகு வேற ஒரு வேலையும் இல்லைன்னு அர்த்தம்.”

சுருங்கியதற்குக் காரணம் இருந்தது. தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வாருங்கள் என்று முதலாளி இவரைக் கூப்பிட்டிருந்தார். மறுத்தால் வெளியிலிருந்து ஒருவர் வருவார். பொருள் மட்டும் போதும், எடுத்துக்காட்டு வாக்கியமெல்லாம் காகிதத்துக்குக் கேடு என்று வருவதற்கு முன்பே சொல்லிவிட்டவர் அவர். இவர் காலமெல்லாம் சேர்த்த வாய்கள் அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போகும்.

“உட்காரேம்மா. முள்ளா குத்துது?” என்றார் கணவர்.

“உட்கார்ந்தா ஃபோன் பேசணும், பில்லுல கையெழுத்துப் போடணும். அப்புறம் தெருவுக்கு நான் எப்பங்க போறது?”

அன்று ஆபீஸ் போகும் வழியில் முடிவெட்டும் கடை வாசலில் நின்றார். உள்ளே ஒருவர் சோப்பு நுரையோடு அண்ணாந்திருந்தார்.

“அண்ணே, சிம்மாசனம். ஒரு வாக்கியம்.”

கடைக்காரர் கத்தியால் நாற்காலியைக் காட்டினார். “இதாம்மா சிம்மாசனம். எவ்வளவு பெரிய ஆளு ஏறினாலும் நான் குனின்னா குனியணும்.”

நுரைக்காரர் அசையாமல் சிரித்தார். அகராதியம்மா எழுதிக்கொண்டே சொன்னார். “கொடுத்து வெச்சவர் நீங்க. நினைச்சப்ப உட்காரலாம்.”

“நானா? கடை என்னுது, நாற்காலி என்னுது. அதுல உட்கார்ந்தா பொழைப்பை யாரு பாக்கறது? வாங்கின நாள்லேருந்து பின்னாடி நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

இதையும் எழுதலாமா என்று பேனா ஒரு கணம் நின்றது. எழுதவில்லை. கடைக்காரர் சவரத்தை முடித்துத் துண்டை உதறும்வரை வாசலிலேயே நின்றிருந்தார்.

மதியம், முடித்த பக்கத்தை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரின் காலி அறைக்குப் போனபோது முதலாளி அங்கே காத்திருந்தார். வாங்கி உரக்கப் படித்தார். அரியணை: சிங்க உருவங்கள் தாங்குவதாக அமைந்த, அரசர் வீற்றிருக்கும் இருக்கை. அடுத்தது, ஆட்சியுரிமை. தேர்தலில் வென்ற கட்சி அரியணை ஏறியதாகச் செய்தித்தாள் எழுதும் வழக்கு. அதன் கீழே கணவரின் வாக்கியம். அங்கே முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வீட்டுக்காரருக்குத் தெரியுமா, இது அச்சுல வருதுன்னு?”

“புஸ்தகம் வந்ததும் தெரிஞ்சுப்பாரு. அப்புறம் வேணாம்னாலும் எடுக்க முடியாது.”

“நீங்க மறுத்தா, வரப்போறவரு முதல்ல இதைத்தான் அடிப்பாரும்மா.” முதலாளி சிரிப்பை நிறுத்தினார். “சாயந்தரத்துக்குள்ள நான் அவருக்குத் தகவல் சொல்லியாகணும். என்ன சொல்லட்டும்?”

அகராதியம்மா மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். ஓய்வு பெற்றுப் போன தலைமை ஆசிரியர் நல்ல உயரம். அவர் காலுக்கென்று ஏற்றி வைத்த நாற்காலி இவர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை நின்றது. குனிந்து அடியிலிருந்த கைப்பிடியை இழுத்து, மறு கையை இருக்கையில் ஊன்றி அழுத்தினார். புஸ்ஸென்று மூச்சுவிட்டபடி நாற்காலி இறங்கிக்கொண்டே வந்து, இவர் உட்காரத் தோதாக முழங்கால் மட்டத்தில் நின்றது. ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, சீட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அம்மா, அப்போ சரின்னு வெச்சுக்கட்டுமா?” என்று முதலாளி கேட்டபோது அவர் கதவைத் தாண்டித் தெருப்பக்கம் படியிறங்கிக்கொண்டிருந்தார்.