பட்டம் வாங்காதவள்

வெள்ளைக்கார கவர்னர் கையால் பட்டம் வாங்கக் கூடாது என்று முதலில் சொன்னவள் அம்புஜம்தான். மறியல் செய்த மாணவர்களைப் போலீஸ் அடித்திருந்த சமயம் அது. மயிலாப்பூரிலிருந்து அவளோடு டிராமில் கல்லூரிக்குப் போய்வந்த தேவானை உடனே சம்மதித்தாள்.

விழாவன்று தேவானை கதர் கட்டிக்கொண்டு பல்கலைக்கழக வாசலில் காத்திருந்தாள். அம்புஜமோ பட்டதாரி அங்கியோடு உள்ளேயிருந்து வந்தாள்.

"ஆத்துல எல்லாரும் அழுதாடி. நான் என்ன பண்ணுவேன்?"

தேவானை அதைப் பொறுத்துக்கொண்டாள். அவள் கடைசிவரை பட்டம் வாங்கவில்லை. விரும்பிய ஆசிரியை வேலையும் கிடைக்கவில்லை.

காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தபின், தியாகராய நகரில் ஒரு கூட்டம். மேடையில் கதர்ப் புடவையோடு அம்புஜம், "அன்று நான் பட்டத்தை மறுத்தேன்" என்றாள்.

தேவானை எழுந்து நின்றாள். "பொய் சொல்லாதே, அம்புஜம்!"

அம்புஜம் அவளை நேராகப் பார்த்தாள். பிறகு மேலே பேசிக்கொண்டே போனாள்.