துணி விமானத்தைத் தடவிய காவலாளி

மியூசியத்திலை காவலுக்கு நிண்ட வெள்ளைக்காரக் கிழவரைப் பற்றிச் சொன்னனானெல்லோ பிள்ளை? பஞ்சு மீசைக்காரர். பழைய விமானத்தின்ரை துணி போத்தின இறக்கையை, அந்தச் செட்டையை, மாட்டைத் தடவுற மாதிரித் தடவிக்கொண்டுதான் கதைப்பார். முதலாம் உலகச் சண்டையிலை விமானம் ஓட்டினவை எட்டிக் குனிஞ்சு கையாலைதான் குண்டு போட்டவையாம்.

எங்கடை ஊருக்கு முதல் முதல் ஆமிக்காரன்ரை ஹெலிகொப்டர் வந்தண்டு, நான் ஏதோ வேடிக்கை எண்டு நினைச்சு, இடுப்பிலை இருந்த மகளைத் தூக்கிக் "கை காட்டு" எண்டனான். அடுத்த நிமிஷம் குண்டு விழுந்தது. ஏதோ தப்பிட்டம்.

இப்ப இங்கிலீசு கதைக்கிற அதே மகளைக் கொண்டுதான் கிழவரிட்டைக் கேட்பிச்சன்: "கீழை கை காட்டினால் மேலை தெரியுமோ?"

"நல்லாத் தெரியும். சிலர் திருப்பிக் காட்டினவை" எண்டாராம்.

"காட்டிப்போட்டுமோ குண்டு போட்டவை?"

கிழவர் செட்டையிலை இருந்து கையை எடுத்திட்டார். "ஓம்" எண்டு தலையாட்டினார்.

எங்கடை ஹெலிக்காரனும் என்ரை பிள்ளைக்குக் கை காட்டியிருப்பானோ எண்டுதான் யோசிக்கிறன்... பொறு, அடுப்பிலை பால் பொங்குது.