பத்மாக்காவின் 638 எழுத்துக் கோப்புகள்

1999 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். தி. நகரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் பத்மாக்காவின் கணவர் சேஷாத்ரி சார் தொலைபேசியில் அழைத்தார். "பத்மா போயிட்டாப்பா. கார்த்தால, ஆஸ்பத்திரியில." அந்த நிமிடத்தில் மயிலாப்பூரில் அவர்கள் வீட்டு மெக்கின்டாஷ் கணினியில் இருந்த கோப்புகள் 638. அங்கிருந்து அதே வீட்டின் உள்ளறையில் இருந்த விண்டோஸ் கணினிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தவை 11. இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். நவம்பரில் அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தவன் நான்தான்.

நம் கணினிப் பயனர் வட்டத்தின் மடலைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது பத்மாக்காவைத் தெரியும். சிலருடைய கல்யாணப் பத்திரிகையே அவர் அச்சுக் கோத்ததுதான். மாதக் கூட்டத்தில் யாராவது அரைமணி நேரம் வேகமாகப் பேசி முடித்ததும், "சரி, இதால யாருக்கு என்ன சுலபமாறது?" என்று கேட்பார்.

ராயப்பேட்டையில் ஓர் அச்சகம் அவருக்கு மெக்கை வீட்டிலேயே வைத்து வேலை செய்யக் கொடுத்திருந்தது. அது வந்து இறங்கிய அன்று நானும் அங்கே இருந்தேன். மாடிப்படியில் தூக்கி வந்தவர் மூச்சு வாங்கியபடி, "இன்னாக்கா இது, டிவியா? இம்மாங் கனம் கீது. படம் வருமா?" என்றார். "வரும்பா. ஆனா ஒரே படத்தை நாலு வருஷம் பாக்கணும்" என்றார் பத்மாக்கா. விளையாட்டாகச் சொன்னதுதான். நிஜமாகவே நாலு வருடம் அவர் அதில் ஒரே வேலையைப் பார்த்தார்.

கோபாலபுரத்தில் பார்வை மங்கலான குழந்தைகளுக்கு என்று ஒரு சின்னப் பள்ளி நடக்கிறது. அங்கே ஓர் ஆசிரியை, பாடப்புத்தகத்தைப் பெரிதாக்கி அச்சிட்டாலும் பிள்ளைகளுக்கு 'ண'வும் 'ன'வும் ஒன்றாகவே தெரிகின்றன, சுழிகளெல்லாம் சேர்ந்து ஒரே கறுப்புப் பொட்டாகிவிடுகின்றன என்று சொல்லியிருக்கிறார். பத்மாக்கா அந்தக் குழந்தைகளுக்காகப் புதிதாக எழுத்துகளை வரையத் தொடங்கினார். பத்திரிகை, நோட்டீஸ் வேலைகள் முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிக் கோப்பாக, மூன்று நான்கு வடிவங்களில் வரைந்தார். ஜூனில் பள்ளி திறக்கும்போது முதல் வாசிப்புப் புத்தகம் அந்த எழுத்தில் வர வேண்டும். 638 கோப்புகள் என்று நான் சொன்னது அவற்றைத்தான்.

ஒரு நாள் நான் போனபோது சாரின் பழைய மூக்குக் கண்ணாடியில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "போட்டுக்கோ" என்றார். போட்டுக்கொண்டேன். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "படி" என்றார். எனக்கு எதுவுமே தெரியவில்லை, எரிச்சல்தான் வந்தது. "அக்கா, மூக்கெல்லாம் எண்ணெய்." "மூக்கைப் பத்திக் கேக்கல. எழுத்தைப் படி." நான் தடுமாறிய எழுத்தையெல்லாம் பென்சிலால் சுழித்துக்கொண்டே சொன்னார்: "பாக்கறவா கண்ணுக்குத் தகுந்தாப்ல எழுத்துதான் மாறணும். எழுத்துக்குத் தகுந்தாப்ல கண் மாறாது." அவர் சொல்ல வந்தது எழுத்தைப் பற்றி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் மெக்கில் அக்கா வரைவார். உள்ளறையில் விண்டோஸ் 95 கணினியில் சார் சரிபார்ப்பார். நடுவில் பிளாப்பியை எடுத்துக்கொண்டு ஓட்டம்; அதில் பெயர்கள் சிதைந்து வரும், சார் பார்த்ததும் அழித்து அடுத்ததை ஏற்ற வேண்டும். அதை நிறுத்தலாம் என்று நான்தான் இரண்டையும் கேபிளால் இணைத்தேன். "நீ வந்தப்புறம் இந்த ஆத்துல ஒயரைத் தாண்டாம ஒருத்தர் அடுக்களைக்குப் போக முடியல" என்று அக்கா அலுத்துக்கொண்டார். அலுப்புக்கு நியாயம் இருந்தது, ஏனென்றால் இணைப்பு வேலை செய்யவில்லை. இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று பார்த்தன. நான் சோதனைக்கு அனுப்பிய கோப்பு போனது. அக்காவின் கோப்பு ஒன்றுகூடப் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் மெக் ஒரு பிழை எண்ணை மட்டும் காட்டியது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கேபிளை மாற்றினேன், கணினிக்குள் கேபிள் செருகும் அட்டையை மாற்றினேன், இரண்டு கணினிகளிலும் இருந்த அமைப்புகளை அழித்துத் திரும்பப் போட்டேன்.

மூன்றாவது ஞாயிறு மாலைதான் கோப்புகளின் பெயர்களை உருப்படியாகப் பார்த்தேன். 'ழ வயிறு பெரிசு', 'ண இன்னும் போறல', 'கு இது தேவலை'. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பிள்ளையார் சுழி. அவருடைய எழுத்துருவில் சுழி உட்கார்ந்திருந்த இடம் நட்சத்திரக் குறியின் விசை; கண்ணுக்குச் சுழி, கணினிக்கு அது நட்சத்திரக் குறி (*). மெக்குக்கு அதில் ஆட்சேபம் இல்லை. விண்டோஸோ கோப்பின் பெயரில் நட்சத்திரக் குறி இருந்தால் வாங்கவே வாங்காது.

"பேர்ல இருக்கற சுழியை எடுத்துடுங்கக்கா. போயிடும்" என்றேன்.

"சுழி போடாம நான் ஒரு காயிதத்தையும் தொட்டதில்லை."

"இது காகிதம் இல்லை, கோப்பு."

"உனக்குக் கோப்பு. எனக்குக் காயிதம். ஏண்டா, அந்த விண்டோஸ் பிள்ளையாரை உள்ள விடாதா?"

சார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாதிரிக்கு என்று பதினோரு கோப்புகளின் சுழியை அழித்து அனுப்பிக் காட்டினேன். போயின. மீதியையும் அப்படியே செய்யுங்கள், செய்யாமல் என்னைக் கூப்பிடாதீர்கள் என்றேன். "சரி, கூப்பிடல" என்றார். இனி இங்கே வேலை இல்லை என்று கேபிளின் முனையில் இருந்த டெர்மினேட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். விரல்நுனி அளவு உலோக மூடி அது. அலுவலகத்தில் என்றைக்காவது உதவும். அது இல்லாவிட்டால் மொத்தக் கேபிளும் செத்த மாதிரி. தெரிந்துதான் எடுத்தேன்.

அப்போதே அவருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. "ஆபீஸ் போற மாதிரி போயிட்டு வரேன்" என்று அவரே சொன்னதால் நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஜனவரியில் சார் ஒருமுறை தொலைபேசியில் அழைத்தார். "கோப்பை அனுப்பினா போகலேங்கறா. ஒரு நடை வந்து பாரேன்." எனக்குக் கை நிறைய வேலை. "பேரை மாத்தினா போகும் சார், நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றேன். "இல்லப்பா, அவ என்ன சொல்றான்னா..." என்று சார் ஆரம்பித்தார். நான் வைத்துவிட்டேன்.

பதிமூன்றாம் நாள் முடிந்த மறுநாள் போனேன். மெக்கை இந்த மாதக் கடைசிக்குள் அச்சகத்துக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அவர்களுக்கும் வேலை நடக்க வேண்டுமே. அதற்குள் எழுத்துகளை வெளியே எடுக்காவிட்டால் எடுக்காததுதான். உட்கார்ந்து எண்ணினேன். பெயரில் சுழி இல்லாத கோப்புகள் 85 இருந்தன. பதினொன்று நான் அழித்தவை. மீதி 74?

"உனக்குத் தெரியாதா?" என்றார் சார். "ஜனவரில முதுகுக்குத் தலகாணி வெச்சுண்டு ஒண்ணொண்ணா சுழியை அழிச்சா. ஜூன்ல குழந்தைகள் புஸ்தகத்துக்குக் காத்துண்டிருக்கும்னா. ஒவ்வொண்ணை அழிக்கறச்சேயும் கன்னத்துல போட்டுண்டா. எழுபது எழுபத்தஞ்சு ஆனப்புறம் ஒருதரம் அனுப்பிப் பாக்கலாம்னு அனுப்பினா. போகல. அதைச் சொல்லத்தான் உனக்குப் போன் பண்ணினேன்."

பெயரில் ஒரு தப்பும் இல்லை. போகாததற்குக் காரணம் நான் கழற்றிக்கொண்டு போய் மறந்துவிட்ட டெர்மினேட்டர்; அது என் அலுவலக மேசை இழுப்பறையில் இருந்தது. முன்பு கண்டுபிடித்த பழுதே இப்போதும் என்று பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். என் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. சாரிடம் சொன்னேன். அவர், "காபி போடறேன், இரு" என்று உள்ளே போனார்.

மறுநாள் டெர்மினேட்டரைக் கொண்டுபோய் மாட்டினேன். அந்த 74 கோப்புகளும் நாலு நிமிடத்தில் போயின. சுழியோடு நிற்கும் 553 கோப்புகளுக்காக, சும்மா கிடந்த என் பழைய 486 கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். லினக்ஸ் எந்தப் பெயரையும் வாங்கிக்கொள்ளும். வாங்கியபின் நட்சத்திரக் குறியை விண்டோஸ் ஏற்கும் வேறொரு குறியாக மாற்றிக் கொடுக்கப் பத்து வரி நிரல் ஒன்று எழுதினேன். உள்ளறைக் கணினியின் எழுத்துருவில் அந்தக் குறி இருந்த இடத்தில் சுழியை வைத்தேன். ஒரு கோப்பை அனுப்பிப் பார்த்தேன். உள்ளறையில் இருந்து சார் உரக்கப் படித்தார்: "சுழி. ண இன்னும் போறல."

மொத்தம் மூன்று மணி நேர வேலை. நவம்பரிலேயே செய்திருக்கலாம். செய்யத் தெரியாமல் இல்லை. தப்பாகப் பெயர் வைத்தவர்தான் மாற்ற வேண்டும் என்று இருந்தேன். அவர் மாற்றிக்கொண்டார், நான் மாறவில்லை.

அவர் நினைவாக நான் கேட்டு வாங்கிக்கொண்டது ஓர் அச்சுத்தாள். 'ற' ஒன்று மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அதில் இருக்கிறது. ஓரத்தில் பென்சிலில், 'இது படிக்க முடியறது. விட்டுடலாம்' என்று எழுதியிருக்கிறார். அவர் ஓர் எழுத்தைப் பாராட்டி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

இனி நான் செய்யப்போவது:

1. வரும் சனிக்கிழமைக்குள் மீதி 552 கோப்புகளையும் அனுப்பி, ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பேன். ஒன்றின் பெயரையும் தொடமாட்டேன்.

2. மொத்தத்தையும் இரண்டு குறுந்தகடுகளில் பதிந்து, ஒன்றைச் சாரிடமும் ஒன்றைப் பள்ளி ஆசிரியையிடமும் கொடுப்பேன்.

3. 'ஙௌ' முதலாக இருபதுக்கும் மேற்பட்ட எழுத்துகள் இன்னும் வரையப்படவில்லை. எனக்கு வரைய வராது. இதைப் படிக்கிறவர்களில் வரையக் கை வருகிறவர்கள் வாருங்கள். எண்ணெய் தடவிய கண்ணாடியோடு சார் காத்திருக்கிறார்.

4. யாராவது "போகலை" என்று சொன்னால் நேரில் போய்ப் பார்ப்பேன். அதற்கு முன் வாயைத் திறக்கமாட்டேன்.

5. அந்த 74 கோப்புகளுக்கும் சுழியைத் திரும்பப் போடுவேன். நிரல் எழுதினால் ஒரு விநாடி வேலை; ஆனால் கையால், ஒவ்வொன்றாகப் போடுவேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அழிக்கச் சொன்னவன் நான்.